எட்டுக் கட்டத்துக்குள் அக்கா

கார்போகரிசி எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. நல்லெண்ணெயில் கசப்பு மருந்தைப் போட்டுக் கருகக் கருகக் காய்ச்சியது மாதிரி மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு அரை நாள் வரைக்கும் இறங்காது. காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், காலை ஏழரை மணி வெயிலில், ரீத்தா அக்கா அந்த எண்ணெயை இடது பாதத்தில் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அரை மணி நேரம் வெயில் பட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவளுக்குத் துணையாக நானும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நான் எட்டாம் வகுப்புப் படித்த அந்த ஒரு வருடத்தை நினைத்தால் முதலில் வருவது இந்த வாடைதான். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் வருகிறது.

அக்காவின் பாதத்தில், பெருவிரலுக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு "திட்டு" இருந்தது. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது கடுகளவு புள்ளியாக வந்து, மெல்ல வட்டமாகி, அதற்குமேல் வளராமல் நின்றுவிட்டது என்பார்கள். வெளியார் யாராவது கேட்டால் "தேமல்" என்று சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, ஏனென்றால் கேட்கிற அளவுக்கு அந்தக் காலை அம்மா வெளியே விட்டதே இல்லை. புடவை தரையைக் கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டினால்தான் அக்கா வாசற்படியைத் தாண்ட முடியும். அக்காவுக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். நான் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த கால் அது, அந்தத் திட்டு இல்லாத அக்காவை நான் அறிந்ததே இல்லை. முதன்முதலாக நற்கருணை வாங்கி நான் புதுநன்மை எடுத்த வருடம், பூசையில் சாமியார் அந்த வட்டமான வெள்ளை அப்பத்தை உயர்த்திப் பிடித்தபோது, "உன் கால்ல இருக்கிற மாதிரியே இருக்குக்கா" என்று கோயிலுக்குள்ளேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தி, "பாவம்டி, அப்படியெல்லாம் சொல்லாத" என்றாள். ஆனால் சிரிப்பை அடக்க மாட்டாமல் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் பெயரடைகளைப் பிடித்துக்கொண்டார். குணத்தைச் சொல்வது, எவ்வளவு என்று சொல்வது, எத்தனை என்று சொல்வது, இது அது என்று சுட்டிக்காட்டுவது, யாருடையது என்று சொல்வது என வகைகள் ஒரு வாரத்தில் முடிந்தன. அதற்கப்புறம் வந்தது வரிசை. ஒரு பொருளுக்கு முன்னால் நாலைந்து அடைகள் சேர்ந்து வந்தால் நம் இஷ்டத்துக்கு அடுக்கக் கூடாதாம். தமிழில் பெரிய கறுப்பு மாடு என்றாலும் கறுப்புப் பெரிய மாடு என்றாலும் மாடு கோபித்துக்கொள்ளாது. இங்கிலீஷ் மாடு கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது. முதலில் நம் அபிப்பிராயம், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், எந்த ஊர், எதால் செய்தது, எதற்காகச் செய்தது என்று ரேஷன் கடை வாசல் மாதிரி எட்டும் வரிசை தப்பாமல் நிற்க வேண்டும். மிஸ் கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டு, முதல் கட்டத்தைச் சாக்பீசால் தட்டி, "நாம என்ன நெனைக்கிறமோ அதுதான் மொதல்ல. கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் அப்புறந்தான்" என்றார். நாங்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

தினமும் வீட்டிலிருந்து ஐந்து பொருள்களை எடுத்துக்கொண்டு எட்டுக் கட்டத்தையும் நிரப்பி வர வேண்டும். மிஸ்ஸுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் காலிக் கட்டம். "ஒண்ணு காலியா இருந்தாலும் மொத்தமும் தப்பு" என்று முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டுத் தோசைக்கல், நல்ல, பெரிய, பழைய, வட்டமான, கறுப்பான, இந்திய, இரும்பாலான, தோசை சுடுகிற கல்லாக ஆயிற்று. உலகத்தில் எந்தத் தோசைக்கல்லுக்கும் இத்தனை பட்டம் கிடைத்திருக்காது. "ஏண்டி, தோசைக்கல்லு இந்தியாவுலதான் இருக்குன்னு ஒங்க மிஸ்ஸுக்குத் தெரியாதா?" என்று அக்கா கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே, எனக்குத் தெரியாத வார்த்தைக்கு ஸ்பெல்லிங்கும் சொல்வாள். அவள் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கும் படித்து, கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த நோட்டில் நான் ஒரு பக்கம்கூட அடி வாங்கியதில்லை, அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு "சொல்தா வீட்டு" வரன் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களின் குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள், மீதிப்பேர் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு காரைக்காலில் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை மதலேன் இந்த இரண்டாவது வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொண்டுவந்த அக்காவை ஏற இறங்கப் பார்த்து, மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னார். தரையைக் கூட்டுகிற புடவைக்குக் கீழே அவர் பார்வை போகவில்லை. போகிற நேரத்தில், "எங்க அண்ணன் மவன் அங்கியே பொறந்து வளந்தவன். தமிழ் பேசுனா புரிஞ்சுக்குவான், படிக்க வராது. போட்டோவ மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியலங்கிறான். பிரெஞ்சுல எழுத ஒங்களுக்கு வராது, இங்கிலீஷ்லயாவது ஒரு 'லெத்ரு' எழுதி அனுப்பிடுங்க. பொண்ணப் பத்தி வெவரமா எழுதுங்க" என்றார்.

அக்காவே எழுதியிருக்கலாம், அழகாக டைப் அடித்தே கொடுத்திருக்கலாம். "பொண்ணு தன்னப் பத்தித் தானே எழுதுனா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா. அப்பா மின்சாரத் துறையில் லைன்மேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அம்மாவுக்கு ஜெபப் புத்தகம் மட்டும் வாசிக்க வரும். அதனால் வீட்டிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற ஒரே ஆளான என்னிடம் அந்த வேலை வந்தது. ஒரு கல்யாணம் என் பேனாவில் நிற்கிறது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விவரமாக எழுத எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரஃப் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து எட்டுக் கட்டம் போட்டு, மேலே "அக்கா" என்று எழுதினேன்.

அபிப்பிராயத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, "பியூட்டிஃபுல்". அளவுக்கு, நடுத்தர உயரம். வயதுக்கு, இருபத்தாறு. ஊர், காரைக்கால். எதால் செய்தது என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது, மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவையே கேட்டேன். "சோத்தாலயும் மீன்கொழம்பாலயும்தான், வேற எதால?" என்றாள். எதற்காக என்ற கட்டத்துக்கு, கீழே துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா எதுக்கும்மா?" என்று கேட்டேன். "எதுக்குன்னா? கட்டிக் குடுக்கத்தான்" என்று அம்மா நிமிராமலே சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன். நிறத்துக்கு மாநிறம் என்று எழுதியாயிற்று. வடிவம் மட்டும் காலியாக நின்றது. முகம் வட்டமா என்றால் வட்டமில்லை, நீளமா என்றால் நீளமில்லை. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான், எண்ணெய் மினுங்க வெயிலில் நீண்டிருந்த அக்காவின் பாதம் கண்ணில் பட்டது.

அந்தக் கடிதத்தில் அக்கா நன்றாகச் சமைப்பாள், கோயில் பாடற்குழுவில் பாடுவாள், வேகமாக டைப் அடிப்பாள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆனால் நான் பெருமைப்பட்ட வாக்கியம் நடுவில் இருந்தது. அவளுடைய இடது பாதத்தில் அழகான, சிறிய, பழைய, வட்டமான, வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறது. இங்கிலீஷில், வரிசை ஒன்றுகூடத் தப்பாமல், "லவ்லி" என்று தொடங்கி எழுதியிருந்தேன். மிஸ் பார்த்திருந்தால் வகுப்பையே கைதட்டச் சொல்லியிருப்பார்.

அம்மா என்னை எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், "பியூட்டிஃபுல்" வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள். தமிழில் சொல் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடிதத்தையும் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவையும் உறையில் வைத்து அக்காவின் கையில் கொடுத்தாள். வேலைக்குப் போகிற வழியில் தபால் ஆபீஸில் கோந்து தடவி ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டிப் போட்டுவிடுவதாக அக்கா வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு காத்திருந்தோம். ஜூலை மாதம் லீவில் மாப்பிள்ளை வந்து நேரில் பார்த்துப் பிடித்துவிட்டால், உடனே கோயிலில் "ஓலை" வாசித்துவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டுவைத்திருந்தாள். ஓலை என்பது எங்களுக்குள் கல்யாணத்துக்கு முன் நடக்கிற வழக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருடைய மகன் இன்னாருக்கும் இன்னாருடைய மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசிப்பார். அந்த வருடம் யார் யாருக்கோ ஓலை வாசித்தார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு ஞாயிறு, தடை தெரிந்தவர்கள் என்ற வார்த்தை வந்தபோது அம்மா குனிந்து, அக்காவின் புடவைக் கரையை இழுத்து அவள் பாதத்தை மூடினாள். யாருடைய ஓலையோ அது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அம்மாவின் கை தன்னால் அங்கே போயிற்று. அந்த இடத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடி, நான் என்ன எழுதி அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தைரியம் இல்லை.

ஜூலை வரவில்லை, அதற்கு முன்பே மதலேன் அத்தை வந்துவிட்டார். கைப்பையிலிருந்து அக்காவின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். "பையன ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. அவங்கம்மாதான் பயப்படுறாங்க, பொறக்கிற புள்ளைக்கும் வந்துருமோன்னு. நீங்களே லெத்ருல எழுதிப்புட்டீங்க, மறைக்காம எழுதுனது ஒங்க நல்ல மனசு" என்றார். அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. என்ன எழுதினோம், என்ன எழுதினோம் என்று அப்பாவைப் பார்த்தாள். அத்தை போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு ரஃப் நோட்டை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொன்னேன். நாலாவது கட்டத்தில், வடிவத்துக்கு நேரே, அந்தத் திட்டு வந்தது. அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏண்டி, அந்த ஒரு கட்டத்தக் காலியா விட்டாத்தான் ஒனக்கு என்னடி?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. அப்பா, "சின்னப்புள்ளதானே, விடு" என்று எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் சாகிற வரைக்கும் ஒரு வங்கிப் படிவத்தைக்கூட என்னிடம் நிரப்பக் கொடுத்ததில்லை.

அக்கா மேசையிலிருந்த போட்டோவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மறுநாள் காலை அவள் மாடிக்கு வரவில்லை. நான் மட்டும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தேன். எண்ணெய்ப் புட்டி ஜன்னலில் அப்படியே இருந்து, பிசுக்கேறி, பிறகு என்றோ ஒருநாள் காணாமல் போயிற்று.

ஒரு வரன் தட்டிப்போவது ஊரில் பெரிய விஷயமில்லை, தட்டிப்போன காரணம் ஊருக்குத் தெரிவதுதான் பெரிய விஷயம். ஒரே மாதத்தில் தலத்தெருவுக்குத் தெரிந்து, டவுனுக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். குரும்பகரத்திலிருந்து மனைவியை இழந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு, கேட்டு வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். புறப்படும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒட்டிக்கிடாதுங்களே?" என்று கேட்டார். அப்பா ஒட்டாது என்றார். அவரும் திரும்பி வரவில்லை. அக்காவுக்கு முப்பது ஆயிற்று, முப்பத்தைந்து ஆயிற்று. எனக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அக்கா பாடற்குழுவில் நின்று பாடினாள், நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவ்வளவு வருடம் வளராமல் நின்றிருந்த திட்டு அதற்குப் பிறகு வளரத் தொடங்கியது. மணிக்கட்டுக்கு வந்தது, உதட்டோரம் வந்தது, கண்ணிமைக்கு வந்தது. இறக்கிக் கட்டின புடவைக்கு இனி வேலையில்லை என்றானதும், அக்கா சாதாரணமாக எல்லோரையும் போலப் புடவை கட்டத் தொடங்கினாள்.

அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மத்தியானம், வந்தவர்களெல்லாம் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. இருபது வருடத்துக்கு மேல் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன். "நான் மட்டும் அத எழுதாம இருந்திருந்தா நீ இந்நேரம்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதேன். அக்கா கையை உதறித் துடைத்துக்கொண்டாள்.

"போடி கிறுக்கி. ஒட்டுறதுக்கு முன்னாடி நான் படிச்சேன். தபால் ஆபீஸ்ல கோந்து டப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சேன்" என்றாள்.

"அப்புறம் ஏங்க்கா போட்ட?"

"கிழிச்சுப் போட்டுட்டு நானே வேற டைப் அடிச்சு அனுப்பிரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா நீ அதுக்கு மொத வார்த்தையா 'லவ்லி'ன்னு போட்டிருந்த பாரு. இதப் படிச்சுட்டும் ஒருத்தன் வருவான்னு தோணிச்சு. அப்படி ஒருத்தன் வந்தாப் போதும்னு இருந்துச்சு. அதான் போட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். இருபது வருடமாக நான் செய்த குற்றம் என்று நினைத்ததை அவள் தன் நம்பிக்கை என்று சொல்லிவிட்டாள். அதனால் எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அபிப்பிராயத்தை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தபாலில் போட்டிருக்கிறாள், அந்த அபிப்பிராயம் உலகத்தில் வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது ஆறுவதில்லை.

இப்போது கடிதம் எழுதி வரன் பேசுவதில்லை. என் தோழி தன் மகளுக்காகச் செல்போனில் பதிவு செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். உயரம், வயது, நிறம் என்று அங்கேயும் கட்டம் கட்டமாகத்தான் கேட்கிறார்கள், ஒன்று காலியாக இருந்தாலும் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தபால் ஆபீஸில் கோந்து டப்பா இல்லை. தலத்தெரு வீட்டின் மாடிக்குத் தகரக் கூரை போட்டாகிவிட்டது, வெயில் விழ இடமில்லை. இவையெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். திட்டு என்று தனியாகச் சொல்ல இப்போது ஒன்றும் இல்லை, உடம்பு முழுவதுமே வெள்ளையாகிவிட்டது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க பிரான்ஸா?" என்று மரியாதையாகக் கேட்டது. "ஆமாம்மா, தலத்தெரு பிரான்ஸ்" என்று அக்கா சிரித்தாள். அவளுக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் நான் போய்த்தான் அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டுவிடுகிறேன். அவள் உடம்பிலேயே அவளுடைய பழைய மாநிறம் ஒரே ஓர் இடத்தில் மிச்சம் இருந்தது, பிடரியில், முடிக்குள் பாதி மறைந்து, புளியங்கொட்டை அளவுக்கு. அவளால் அதைப் பார்க்க முடியாது. கண்ணாடியிலும் தெரியாத இடம். அது அங்கே இருக்கிறது என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் மழைக்காலத்தில் அது சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிறு முடியை ஒதுக்கிப் பார்த்தேன், இல்லை.

"இருக்காடி இன்னும்?" என்று அக்கா வாராவாரம் கேட்பதுபோல அன்றைக்கும் கேட்டாள்.

"இருக்குக்கா" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.